ஏற்காட்டிலிருந்து இறங்க இரண்டு வழி: ஆர்பிஜி மேசையில் ஆட்டக்காரரின் முடிவு

பரமபதத்தில் ஆடுகிறவருக்கு வேலை எதுவும் இல்லை. கட்டையை உருட்டுகிறோம், விழுந்த எண்ணுக்குக் காய் நகர்கிறது. ஏணி வந்தால் ஏற்றம், பாம்பு வந்தால் இறக்கம். வைகுண்ட ஏகாதசி ராத்திரி கண் விழிக்க அது நல்ல ஆட்டம், பரபரப்புக்கும் குறைவில்லை. ஆனால் முடிந்த பிறகு "அந்த இடத்தில் நான் வேறு மாதிரி ஆடியிருக்கலாம்" என்று யாராலும் சொல்ல முடியாது. வேறு மாதிரி ஆட அதில் இடமே கிடையாது.

தாயம் வேறு. எண் கட்டையின் கையில் இருந்தாலும் எந்தக் காயை நகர்த்துவது என்பது நம் கையில் இருக்கிறது. முன்னால் போன காயை மலையில் ஏற்றிக் காப்பாற்றுவதா, பின்னால் நிற்கும் காயால் எதிராளியை வெட்டுவதா என்று ஒவ்வொரு உருட்டலுக்கும் யோசிக்கிறோம். ஆடுபுலி ஆட்டத்தில் கட்டைகூட கிடையாது. 3 புலி, 15 ஆடு, 23 இடங்கள், எல்லாம் இரண்டு பேர் கண் முன்னாலும் திறந்து கிடக்கும். தோற்றால் அது முழுக்க நம் முடிவின் விளைவு.

டேபிள்டாப் ஆர்பிஜி, அதாவது மேசையைச் சுற்றி உட்கார்ந்து ஆளுக்கு ஒரு பாத்திரமாகக் கதை ஆடும் ரோல்-பிளேயிங் கேம், இந்த மூன்றில் எதுவாகவும் மாறக்கூடியது. அதை மாற்றுவது நடத்துகிறவரின் பழக்கம்தான். தாயம் நடத்துவதாக நம்பிக்கொண்டு பரமபதம் நடத்துகிறவர்கள் நிறையப் பேர். அவர்கள் கெட்ட எண்ணத்தில் அப்படிச் செய்வதில்லை. ராத்திரி உட்கார்ந்து அழகான கதை எழுதி வைத்திருப்பார்கள், அது வீணாகக் கூடாது என்ற ஆசைதான்.

புதிதாக வருகிறவர்களுக்காக ஒரு வரி: ஒருவர் கேம் மாஸ்டர், சுருக்கமாக ஜிஎம். அவர் உலகத்தைச் சொல்கிறார், மற்றவர்கள் ஆளுக்கு ஒரு பாத்திரமாக என்ன செய்கிறார்கள் என்று சொல்கிறார்கள், சந்தேகம் வரும் இடத்தில் பகடை. கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னசனும் 1974-ல் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸை வெளியிட்டபோது இந்த வகை அச்சுக்கு வந்தது. அதற்கும் முன்னால், 1960களின் இறுதியில், அமெரிக்காவின் மினசோட்டாவில் டேவிட் வெஸ்லி ஒரு போர் விளையாட்டை நடத்தினார். படைகளுக்குப் பதிலாக ஆளுக்கு ஒரு வேடத்தையும் ஒரு நோக்கத்தையும் கொடுத்தார். ஆட்டக்காரர்கள் பலகையை மறந்துவிட்டுத் தங்களுக்குள் பேரம் பேசவும் சதி செய்யவும் கிளம்பிவிட்டார்கள். ஆட்டம் கைமீறிக் கெட்டுப்போனது என்றுதான் வெஸ்லி நினைத்தார். ஆடியவர்களோ இன்னொரு முறை நடத்தச் சொன்னார்கள். அந்தக் குழுவில் ஆர்னசனும் இருந்தார். பிளேயர் ஏஜென்சி, அதாவது ஆட்டக்காரரின் முடிவுக்குக் கதையை மாற்றும் பலம் இருப்பது, என்று இன்று நாம் பேசுவது அந்தக் கைமீறலில் பிறந்தது என்றே நான் எடுத்துக்கொள்கிறேன்.

நம் ஊர்க் கூத்தோடு ஒப்பிட்டால் வித்தியாசம் துலக்கமாகத் தெரியும். பாரதக் கூத்தில் கர்ணன் விழுவான் என்று விடிய விடிய உட்கார்ந்திருக்கும் எல்லாருக்கும் தெரியும். எப்படி விழுகிறான், அப்போது என்ன பாடுகிறான் என்பதில்தான் சுவை. ஆர்பிஜியில் முடிவு ஜிஎம்முக்கே தெரியக் கூடாது. தெரிந்துவிட்டால் அது கூத்து. கூத்துக்கு மேசையைச் சுற்றி நான்கு ஆட்டக்காரர்கள் தேவையில்லை.

இனி விஷயத்துக்கு வருவோம். "ரயில் தண்டவாளத்தில் ஓட்டுவது" என்று ஜிஎம்களைப் பற்றி ஒரு பொதுப் புகார் உண்டு: ஆட்டக்காரர் எதைச் சொன்னாலும் கதை போட்ட தண்டவாளத்திலேயே போகிறது என்பார்கள். அது உண்மையான குறைதான். ஆனால் ஆட்டக்காரரின் முடிவு செத்துப்போவதற்கு அதைவிடப் பெரிய காரணம் ஒன்று இருக்கிறது. அது தகவல் போதாமை. எந்த வழியில் என்ன இருக்கிறது என்று தெரியாமல் "வலதா இடதா" என்று கேட்டால் அது முடிவே ஆகாது. பகடையை உருட்டாமல் வாயால் உருட்டச் சொல்வதுதான் அது. தகவலைத் தாராளமாகக் கொடுத்துவிட்டு, முடிவை முன்கூட்டித் தீர்மானிக்காமல் இருந்தால் ஜிஎம் வேலையில் பெரும்பகுதி முடிந்தது.

ஏற்காட்டையே எடுத்துக்கொள்வோம். சேலத்துக்கு இறங்க இரண்டு சாலை. ஒன்று 20 கொண்டை ஊசி வளைவுகள் கொண்ட பிரதான சாலை; அடிவாரம், கோரிமேடு, அஸ்தம்பட்டி என்று ஊருக்குள் வரும். இன்னொன்று குப்பனூர் வழி. சுற்று அதிகம், அயோத்தியாப்பட்டணம் பக்கம் கொண்டுவந்து விடும். பிரதான சாலையில் மண் சரிந்தால் வண்டிகளை அந்தப் பக்கம் திருப்பிவிடுவது மழைக்கால வழக்கம். ஒரு செஷனுக்கு, அதாவது ஒரு முறை உட்கார்ந்து ஆடும் ஆட்டத்துக்கு, இதைவிட நல்ல வரைபடம் வேண்டாம்.

காட்சி இது. வடகிழக்குப் பருவமழை. ஒரு எஸ்டேட்டின் உலர்ந்த காபிக்கொட்டை 12 மூட்டை ஜீப்பில் இருக்கிறது. ராத்திரி 12 மணிக்குச் சேலம் லீ பஜார் மண்டியிலிருந்து லாரி கிளம்புகிறது. அதற்குள் மூட்டைகள் அங்கே போய்ச் சேர வேண்டும். இப்போது மணி 8. பாத்திரங்கள் நான்கு பேர்: ஜீப் டிரைவர், எஸ்டேட் கணக்கு எழுதும் ரைட்டர், பக்கத்து ஊர் நர்ஸ், விடுமுறைக்கு வந்திருக்கும் கல்லூரி மாணவன்.

சொதப்பலான வடிவம் இப்படி இருக்கும்: "ரெண்டு வழி இருக்கு. எதுல போறீங்க?" நால்வரும் ஒருவரையொருவர் பார்ப்பார்கள். யாராவது ஒருவர் "பிரதான ரோடு" என்பார். ஏன் என்று கேட்டால் பதில் இருக்காது.

நல்ல வடிவத்துக்கு முதலில் ஒரு தாளில் ஒரு வட்டம் வரைந்து நான்காகப் பிரியுங்கள். ஒரு கட்டம் ஒரு மணி நேரம். இந்தக் கடிகாரம் எல்லாரும் பார்க்கும்படி மேசை நடுவில் இருக்க வேண்டும். ஜிஎம் திரைக்குப் பின்னால் ஒளித்து வைத்த கடிகாரத்தால் யாருக்கும் பதற்றம் வராது, எரிச்சல்தான் வரும். பிரதான சாலையில் இறங்க 1 கட்டம். குப்பனூர் வழியில் 2. மழை விடும்வரை காத்திருந்தால் 2, அதற்கு மேல் பயணம் தனி. மண்டியில் இறக்கி எடை போட எந்த வழியில் வந்தாலும் 1. ஆக, பிரதான சாலை என்றால் 2 கட்டம் மிச்சம், குப்பனூர் என்றால் 1, காத்திருந்து பிரதான சாலையில் இறங்கினால் மிச்சம் எதுவும் இல்லை. தார்ப்பாயில் ஒரு கிழிசல் இருக்கிறது. மழையில் ஓடும் ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரு மூட்டை நனையும். நனைந்த கொட்டையில் பூஞ்சை பிடிக்கும், மண்டியில் அதற்கு விலை கிடையாது.

இனி மேசையில் பேச்சு எப்படிப் போகும் என்று பார்க்கலாம். முதலில் பேசுவது ஜிஎம், கேள்வி கேட்பது ஆட்டக்காரர்கள்.

"ஒண்டிக்கடையில வண்டி நிக்குது. கீழருந்து வந்த பஸ் டிரைவர் டீ குடிச்சுக்கிட்டே சொல்றாரு: எட்டாவது வளைவுல மண்ணு சரிஞ்சு கெடக்கு, ஒரு வண்டி போற அளவுக்கு எடம் இருக்கு. இன்னொரு மழை புடிச்சா அதுவும் போயிடும்."

"அண்ணா, என் ஜீப் அதுல போகுமா?"

"போகும். எதிர்ல வண்டி வந்தா ஒதுங்க எடமில்ல. பதினஞ்சு வருஷமா ஓட்டறவன், இது உனக்குப் பாத்தாலே தெரியும். உருட்ட வேண்டாம்."

"குப்பனூர் பக்கம் எப்படி?"

"மழை அங்கயும் அடிக்குது. ரோடு தொறந்துதான் இருக்கு. ஆனா சாயங்காலத்துலருந்து ரோட்டோரம் காட்டுமாடு மேயுதுன்னு பால்காரர் சொல்றாரு. பாதி தூரத்துக்கு செல்போன் சிக்னல் கெடையாது."

"தார்ப்பாயைக் கட்ட எதாச்சும் கெடைக்குமா அண்ணா?"

"டீக்கடை அக்காகிட்ட ஒரு பழைய தார்ப்பாயும் கயிறும் இருக்கு. சும்மா தரேங்கறாங்க. ஆனா அயோத்தியாப்பட்டணத்துல இருக்கற அவங்க பையன்கிட்ட ஒரு பையைக் கொடுத்துட்டுப் போகணுமாம். இன்னிக்கே."

இங்கே நடந்ததைக் கவனியுங்கள். ஒரு முறைகூடப் பகடை உருளவில்லை. ஆட்டக்காரர்கள் கேட்டதற்கெல்லாம் பதில் வந்தது. கேட்காத ஒன்றும் வந்தது, அந்தப் பை. தார்ப்பாய் வாங்கினால் மூட்டை நனையாது, ஆனால் வாக்கு குப்பனூர் பக்கம் இழுக்கிறது. பிரதான சாலையில் போய், மிச்சமிருக்கும் 2 கட்டத்தில் ஒன்றைச் செலவழித்து அயோத்தியாப்பட்டணம் போய்வரலாமா என்று மாணவன் கணக்குப் போடுவான். மூட்டைகளில் பாதியை அக்கா வீட்டுத் திண்ணையில் இறக்கிவிட்டு மீதியை மட்டும் எடுத்துப் போகலாமே என்று ரைட்டர் கேட்பார்.

இந்தக் கடைசிக் கேள்விதான் தங்கம். ஜிஎம் தாளில் எழுதாத வழி ஒன்றை ஆட்டக்காரர் கண்டுபிடித்துவிட்டார் என்றால், அவர் அந்த உலகத்தைப் பரமபதப் பலகையாகப் பார்ப்பதை விட்டுவிட்டார் என்று பொருள். அப்போது "அதெல்லாம் முடியாது" என்று வாய் வருவதற்கு முன், மனதுக்குள் மூன்று கேள்வி: இதனால் என்ன கிடைக்கும், என்ன செலவாகும், யார் கண்ணில் படும்? 6 மூட்டை நனையாமல் தப்பும். ஏற்றி இறக்க அரை மணி போகும், ஆக அரைக் கட்டம் நிரப்பு. முதலாளியின் ஆள் யாராவது திண்ணையைப் பார்த்தால் நாளைக்குக் கேள்வி வரும். இவ்வளவையும் சத்தமாகச் சொல்லிவிட்டு "சரியா? செய்றீங்களா?" என்று கேளுங்கள். பெரும்பாலும் ஜிஎம் எழுதிவைத்த வழியைவிட இது நல்ல காட்சியாக வரும்.

இதற்கு நேர் எதிரான வேலை ஒன்று உண்டு. இரண்டு வழியிலும் அதே காட்டுமாடு. ஆட்டக்காரர்கள் எதைத் தேர்ந்தாலும், ஜிஎம் தயாரித்து வைத்த ஒரே காட்சி அந்த வழியில் வந்து நிற்கும். உலகம் முழுக்க ஆர்பிஜிக்காரர்கள் இதைப் பற்றி வருடக்கணக்காக வாதாடுகிறார்கள். எல்லா இடத்திலும் இது தவறு என்று நான் சொல்ல மாட்டேன். என் சோதனை ஒன்றே ஒன்று: அவர்கள் எதைத் தவிர்க்க அந்த வழியைத் தேர்ந்தார்கள்? காட்டுமாட்டைத் தவிர்க்கத்தான் கொண்டை ஊசிச் சாலையில் இறங்கினார்கள் என்றால், அங்கே காட்டுமாட்டைக் கொண்டுவந்து நிறுத்துவது அவர்கள் முடிவைத் திருடுவது. ஆனால் மண்டித் தரகர் ஒருவர் கீழே காத்திருக்கிறார், எந்த வழியில் வந்தாலும் அவரைச் சந்திப்பார்கள் என்றால் அதில் திருட்டு எதுவும் இல்லை. அவரைத் தவிர்க்க யாரும் முயலவில்லையே. அதனால் தயாரிப்பின்போது காட்சிகளை எழுதாமல் ஆட்களை எழுதி வையுங்கள். தரகருக்கு என்ன வேண்டும், எதற்குப் பயப்படுகிறார் என்று இரண்டு வரி இருந்தால் அவரை எந்த வளைவிலும் நிற்க வைக்கலாம். "ஒன்பதாவது வளைவில் தரகர் வழிமறிக்கிறார்" என்று எழுதினால் ஒன்பதாவது வளைவுக்கு ஆட்டக்காரர்களை இழுத்துப் போகத் தோன்றும்.

தயாரிப்பு ஒரு ஏ4 தாளுக்கு மேல் போகக் கூடாது. மூன்று இடம், மூன்று ஆள், ஒரு கடிகாரம். மூன்றரை மணி நேர செஷனில் நான்கு பேர் கொண்ட மேசைக்குப் பெரிய முடிவுகள் மூன்றோ நான்கோதான் கொள்ளும். ஒவ்வொன்றும் பேச்சிலேயே பத்துப் பதினைந்து நிமிடம் எடுக்கும். ஒரு முடிவுக்கு நான்குக்கு மேல் வழிகளைக் காட்டினால் ஆட்டக்காரர்கள் ஸ்தம்பித்துப் போவார்கள். இரண்டு மூன்று போதும். நான்காவதை அவர்களே கொண்டுவருவார்கள்.

அடுத்து பகடை. முடிவின் மதிப்பைப் பகடை கெடுக்கும் இடங்கள் இரண்டு. முதலாவது, திரும்பத் திரும்ப உருட்டச் சொல்வது. எட்டாவது வளைவைத் தாண்ட ஓட்டுநர் ஒரு முறை உருட்டுகிறார், வெற்றி. உடனே சேறுக்கு ஒன்று, பிரேக்குக்கு ஒன்று, எதிரே வரும் பஸ்ஸுக்கு ஒன்று. ஒவ்வொன்றிலும் ஜெயிக்க 70 சதவீத வாய்ப்பு இருந்தாலும் நான்கிலும் ஜெயிக்க 24 சதவீதம்தான். தன்னை அறியாமல் ஜிஎம் அந்த வழியை அடைத்துவிட்டார். ஒரு நோக்கத்துக்கு ஒரு உருட்டல், அத்தோடு அந்த விஷயம் தீர்ந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டாவது, என்ன பணயம் என்று சொல்லாமல் உருட்ட வைப்பது. "உருட்டு, பார்க்கலாம்" என்று சொல்லக் கூடாது. "ஜெயிச்சா ஒரு கட்டத்துல கீழ எறங்கிடுவ. தோத்தா வண்டி மண்ணுல மாட்டும், மூட்டையை எறக்கித்தான் எடுக்க முடியும். உருட்டறியா, இல்ல திரும்பறியா?" என்று கேட்க வேண்டும். தோல்வி எப்படி இருக்கும் என்று தெரிந்த பிறகும் அவர் கட்டையை எடுத்தால், அந்தத் தோல்வியும் அவருடையது. அதை யாரும் ஜிஎம் தலையில் போட மாட்டார்கள்.

20 பக்கப் பகடை இல்லையே என்று ஆட்டத்தைத் தள்ளிப்போட வேண்டாம். பித்தளைத் தாயக்கட்டை இரண்டு இருந்தால் போதும். ஒவ்வொரு கட்டையிலும் வெறுமை, 1, 2, 3 என்று நான்கு முகம். ஆக 16 விதமாக விழும். தாயம் 2 விதம், 2 என்பது 3 விதம், 3 என்பது 4 விதம், 4 என்பது 3 விதம், 5 இரண்டு விதம், 6 ஒரு விதம், இரண்டும் வெறுமையாக விழுந்தால் 12, அது ஒரு விதம். வீட்டில் ஆடும்போது மறு ஆட்டம் கிடைக்கும் எண்களான 1, 5, 6, 12 விழுந்தால் முழு வெற்றி என்று வையுங்கள்: 16-ல் 6, அதாவது 37.5 சதவீதம். 2 அல்லது 4 விழுந்தால் நினைத்தது நடக்கும், ஆனால் ஒரு விலை கொடுக்க வேண்டும்: அதுவும் 37.5 சதவீதம். 3 விழுந்தால் சிக்கல்: 25 சதவீதம். அந்த வேலையில் கைதேர்ந்த பாத்திரம் 3 விழுந்தால் ஒரு முறை மறுபடி உருட்டலாம் என்று சேர்த்தால், அவருக்குச் சிக்கல் வாய்ப்பு 6.25 சதவீதமாக இறங்கிவிடும். யாருக்கும் அட்டவணை வேண்டாம். எந்த எண்ணுக்கு மறு ஆட்டம் என்பது சின்னப் பிள்ளைகளுக்கும் தெரியும்.

நடுவில் இருக்கும் அந்த "விலையோடு வெற்றி" முக்கியமானது. வின்சென்ட் பேக்கரும் மெகுவே பேக்கரும் 2010-ல் வெளியிட்ட அபோகலிப்ஸ் வேர்ல்டு என்ற ஆர்பிஜிக்குப் பிறகு இது நிறைய ஆட்டங்களுக்குப் பரவியது. அதில் இரண்டு ஆறுமுகப் பகடையின் கூட்டுத்தொகை 10-க்கு மேல் போனால், அல்லது சரியாக 10 என்றால், முழு வெற்றி; 7 முதல் 9 வரை விலையோடு வெற்றி; 6-க்குக் கீழும் 6-ம் சிக்கல். திறமைக்கான எண்ணைச் சேர்க்காமல் பார்த்தால் 16.7, 41.7, 41.7 சதவீதம். தாயக்கட்டைக் கணக்கு அதைவிட ஆட்டக்காரருக்கு இரக்கமானது. முதன்முதலாக ஆடுகிறவர்கள் இருக்கும் மேசைக்கு அதுவே நல்லது. விலையை ஜிஎம் அறிவிக்கக் கூடாது. இரண்டைச் சொல்லி ஆட்டக்காரரைத் தேர்ந்தெடுக்க விடுங்கள்: "வளைவைத் தாண்டிட்ட. ஒண்ணு, பின்னாடி ஒரு மூட்டை விழுந்துடுச்சு. இல்ல, ஒரு பக்கக் கண்ணாடியும் ஹெட்லைட்டும் போச்சு. எது?" பகடைக்குப் பிறகும் அவருக்கு ஒரு முடிவு மிச்சம் இருக்கிறது.

கட்டை நேர்மையானதா என்று பார்த்துவிடுங்கள். கையால் செய்த பித்தளைக் கட்டைகளில் முனை தேய்ந்து ஒரு முகம் அடிக்கடி விழும். ஒரு கட்டையை மட்டும் 100 முறை உருட்டி எழுதுங்கள். ஒவ்வொரு முகமும் சுமார் 25 முறை வர வேண்டும். எதாவது ஒன்று 15-க்குக் கீழே போனாலோ 35-ஐத் தாண்டினாலோ அந்தக் கட்டையை மாற்றுங்கள். டைல்ஸ் தரையில் கட்டை எகிறும். ஜமுக்காளம் விரித்து உருட்டுவது நல்லது.

துப்பறியும் கதைகளில் தகவல் பிரச்சினை இன்னும் கூர்மையாக வரும். செவ்வாய்ப்பேட்டையில் ஒரு கொலுசுப் பட்டறையிலிருந்து கடைக்குப் போன பார்சலில் வெள்ளி குறைகிறது என்று வையுங்கள். வழியில் யாரும் எடுக்கவில்லை, பட்டறையை விட்டுக் கிளம்பும் முன்பே குறைந்துவிட்டது என்பதுதான் உண்மை. இதற்கு ஒரே ஒரு தடயம் வைத்து, அதற்கும் ஒரு உருட்டல் வைத்தால், பாதி மேசைகளில் கதை அங்கேயே நின்றுவிடும். பிறகு ஜிஎம் ஒரு பாத்திரத்தை அனுப்பி விடையை வாயால் சொல்ல வைப்பார். ஆட்டக்காரர்கள் செய்தது எதுவும் கணக்கில் வராது. அதே உண்மைக்கு மூன்று தனித்தனித் தடயம் வையுங்கள்: எடைச் சீட்டிலும் நோட்டுப் புத்தகத்திலும் வேறு வேறு எண், ராத்திரி பத்து மணிக்கு மேல் பட்டறையில் விளக்கு எரிந்ததைப் பார்த்த டீக்கடைப் பையன், வெள்ளி உருக்கும் மூசையில் புதிதாக ஒட்டியிருக்கும் கசடு. ஒவ்வொன்றும் 50 சதவீதம் என்றாலும் ஒன்றாவது கிடைக்க 87.5 சதவீதம். எட்டு மேசையில் ஒரு மேசைக்கு அப்போதும் எதுவும் கிடைக்காது. அதனால் ஒன்றை உருட்டாமலே கொடுத்துவிடுங்கள், போய்ப் பார்த்தாலே போதும் என்று. தடயத்தைக் கண்டுபிடிப்பதில் ஆட்டமில்லை. கண்டுபிடித்த பிறகு முதலாளியிடம் சொல்வதா, குறைத்தவரிடம் தனியாகப் பேசுவதா, ஆதாரத்தோடு கடைக்காரரிடம் போவதா என்பதில்தான் ஆட்டம் இருக்கிறது.

ஜிஎம் எல்லை போடவே கூடாதா என்றால், போடலாம், போடவும் வேண்டும். "இந்தக் கதை மலையிலும் சேலத்திலும்தான் நடக்கும், சென்னைக்கு பஸ் ஏறிவிடாதீர்கள்", "நால்வரும் ஒருவரையொருவர் காட்டிக்கொடுக்க மாட்டீர்கள்", "குழந்தைகளுக்குத் துன்பம் வரும் காட்சி இருக்காது" என்று முதல் நாளே சொல்லி எல்லாரும் தலையாட்டிவிட்டால் அது ஆட்டத்தின் எல்லைக்கோடு. சொல்லாமல் நடுவில் போடும் வேலிதான் முடிவைக் கெடுக்கும்.

இன்னொரு வகைத் திருட்டு ஜிஎம் செய்வதில்லை. வீட்டு மேசைகளில், குறிப்பாக அண்ணன் தம்பி, அக்கா, மாமா பிள்ளைகள் சேர்ந்து ஆடும்போது, மூத்தவர் சொன்னதே முடிவாகிவிடும். "அண்ணன் சொன்னா சரிதான்" என்று மற்ற மூவரும் பின்வாங்குவார்கள். மரியாதை நல்ல விஷயம்தான், ஆனால் மூன்று பேர் மூன்றரை மணி நேரம் பார்வையாளர்களாக உட்கார்ந்திருப்பார்கள். அதற்கு மிக எளிய மருந்து ஒத்தையா ரெட்டையா ஆட்டத்திலிருந்து வருகிறது. ஆளுக்கு மூன்று புளியங்கொட்டை. பேச்சு முடிந்ததும் எல்லாரும் கையை மூடி நீட்ட வேண்டும்: ஒரு கொட்டை என்றால் கொண்டை ஊசி, இரண்டு என்றால் குப்பனூர், மூன்று என்றால் காத்திருப்பது. ஒரே நேரத்தில் திறக்க வேண்டும். யாரும் யாரையும் பார்த்து மாற்ற முடியாது. கருத்து பிரிந்தால் குறைவான பக்கம் இருப்பவர் முதலில் காரணம் சொல்கிறார், பிறகு ஒருமுறை மட்டும் மறுபடி. சமமாகவே நின்றால் வண்டி யார் கையில் இருக்கிறதோ அவர் முடிவு.

அதோடு, தகவலைப் பிரித்துக் கொடுங்கள். காட்டுமாடு மிரண்டால் என்ன செய்யும் என்பது மலையில் வளர்ந்த நர்ஸுக்கு மட்டும், மண்டியில் நனைந்த மூட்டையை எவ்வளவுக்குத் தள்ளுவார்கள் என்பது ரைட்டருக்கு மட்டும், ஒரு துண்டுச் சீட்டில். வாயைத் திறக்காத தங்கைக்கு அந்தச் சீட்டு ஒரு காரணம் கொடுக்கும். அவள் பேசாமல் மற்றவர்களால் சரியாக முடிவெடுக்க முடியாது என்ற நிலை வந்தால், எல்லாரும் அவளைத் திரும்பிப் பார்ப்பார்கள்.

விளைவு எப்போது தெரிய வேண்டும் என்பதில் நிறையப் பேர் தவறுகிறார்கள். மூன்றாவது செஷனில் பெரிதாக வெடிக்கட்டும் என்று சேமித்து வைப்பார்கள். அதற்குள் ஆட்டக்காரர்கள் தாங்கள் என்ன முடிவெடுத்தோம் என்பதையே மறந்துவிடுவார்கள். ஒவ்வொரு பெரிய முடிவுக்கும் அரை மணிக்குள் ஒரு சின்ன விளைவு கண்ணில் பட வேண்டும். அக்காவின் பையை வாங்கிக்கொண்டு பிரதான சாலையில் இறங்கினார்களா? அடிவாரம் வந்ததும் போன் அடிக்கட்டும்: "என் பையன் ரோட்டோரம் மழையில நிக்கறான் தம்பி, எங்க வந்துட்டு இருக்கீங்க?" பெரிய விளைவு பிறகு வரட்டும். அடுத்த முறை அதே ஒண்டிக்கடையில் தகவல் கேட்டால் அக்கா "தெரியலையே" என்று சொல்லிவிட்டு டம்ளரைக் கழுவப் போவார்.

இதற்கு ஒரு நோட்டு வேண்டும். ஒரு பக்கத்தில் மூன்று நெடுவரிசை: என்ன முடிவெடுத்தார்கள், யாருக்குத் தெரியும், எப்போது திரும்பி வரும். ஒரு செஷனுக்கு நான்கு வரிக்கு மேல் போகாது. அடுத்த செஷனுக்கு உட்காரும்போது புதிதாகக் கதை யோசிப்பதற்கு முன் இந்த நோட்டைத் திறந்தால் பாதிக் கதை அதிலேயே இருக்கும். மூன்றாவது நெடுவரிசை காலியாகக் கிடக்கும் வரி எதாவது இருந்தால், அந்த முடிவுக்கு நீங்கள் இன்னும் பதில் சொல்லவில்லை. அடுத்த தாளில் எழுதும் மூன்று ஆட்களில் ஒருவர் அந்த வரியிலிருந்து வரட்டும்.

செஷன் முடிந்து தட்டுவடை செட் பிரித்துச் சாப்பிடும் நேரத்தில் ஒவ்வொருவரிடமும் ஒரே கேள்வி கேளுங்கள்: "இன்னிக்கு எந்த எடத்துல வேற மாதிரி செஞ்சிருந்தா எல்லாம் மாறியிருக்கும்?" ஆளுக்கு ஒரு இடம் சொல்வார்கள், பெரும்பாலும் வேறு வேறு இடம். ஓட்டுநர் எட்டாவது வளைவைச் சொல்வார், ரைட்டர் அந்தத் திண்ணையைச் சொல்வார். யாராவது யோசித்துப் பார்த்துவிட்டு "அப்படி எதுவும் இல்லையே அண்ணா" என்றால் அவர் பெயரை நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள். அடுத்த முறை முதல் துண்டுச் சீட்டு அவருக்கு.